அம்பு விழுந்த இடம்

இந்தக் கதை பெனின் நாட்டின் வடமேற்கில், அத்தகோரா மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள பூகும்பே என்னும் ஊரில், 1984ஆம் ஆண்டு, வடக்கிலிருந்து வரும் புழுதிக்காற்று அடங்கிய பருவத்தில், சோளக் கள் காய்ச்சி விற்ற தெபோ என்ற பெண்மணியிடம் கேட்கப்பட்டது. அவர் இதைத் தம் தாயின் தமக்கையிடம் கேட்டதாகவும், அந்தத் தமக்கை கதையில் வரும் வீட்டின் சுவரைத் தம் கையால் தொட்டவர் என்றும் சொன்னார். சந்தை நாளில், நுரைக்கும் பானைகளுக்கு நடுவே, குடிக்க வந்தவர்கள் குறுக்கே பேசப் பேசச் சொல்லப்பட்ட கதை இது. ஆகவே அவர்களுடைய சொற்களும் சில இதற்குள் புகுந்திருக்கக்கூடும். எல்லைக்கு அப்பால், தோகோ நாட்டு நாடோபாவில் வழங்கும் வடிவம் முடிவில் வேறுபடுகிறது. அது இறுதியில் தரப்படும்.

அந்த மலையடிவாரத்தில் வாழும் தம்மாரி மக்கள் மண்ணால் வீடு கட்டுகிறவர்கள் என்று சொன்னால் பாதியைத்தான் சொன்னதாகும். அவர்கள் மண்ணால் ஓர் ஆளைக் கட்டுகிறார்கள். அந்த ஆளுக்கு மேற்குப் பார்த்த வாசல் வாய். மாடியில் கூம்புத் தொப்பி அணிந்து நிற்கும் தானியக் குதிர்கள் வயிறு. கீழ்த்தளத்து இருட்டில் ஆடுமாடுகளோடு சேர்ந்து தங்கியிருக்கும் முன்னோர்கள் அதன் மூச்சு. பெண்கள் பூசும் சாந்து அதன் தோல். அந்தத் தோலின்மேல் ஈரம் காய்வதற்குமுன் பெண்கள் விரல்களால் இழுக்கும் கோடுகளும், பருவமெய்தும்போது அதே பெண்களின் வயிற்றில் கீறப்படும் கோடுகளும் ஒன்றேதான். அப்படிப்பட்ட ஆள் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று மனிதர்கள் முடிவு செய்வதில்லை. தனிக்குடித்தனம் போகிற மகன் தகப்பன் வீட்டு மாடியில் ஏறி நின்று அம்பு எய்ய, அது விழுந்த இடத்தில் வீடு எழும். எய்வதற்குமுன் தகப்பன் அந்த அம்பின் நுனியை உதட்டருகே பிடித்து ஒரு சொல் சொல்லிக் கொடுப்பான். அது தகப்பனும் அம்பும் மட்டும் அறிந்த சொல். வீடு எழுந்து முதல் அடுப்பு எரியும்வரை அதை யாரும் கேட்கலாகாது.

நாட்டா அப்படி எய்த நாளில் அவன் மனைவி கூமா முற்றத்தில் மூன்று அடுப்புக் கற்களைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்தபடி நின்றிருந்தாள். வயிற்றில் பிள்ளை இருந்தது. அதற்குமுன் அவள் பெற்ற இரண்டில் ஒன்று உட்காரக் கற்ற பின்னும், மற்றது சிரிக்கக் கற்ற பின்னும் இறந்திருந்தன. மாமனார் தவேமாவின் வீட்டு முதுகுப்புறம், சுவர் நிழல் விழும் இடத்தில், கவிழ்த்த இரண்டு சிறு பானைகளின்கீழ் அவை இருந்தன. அந்த வீட்டில் இறந்தவர்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கிறார்கள், புதிதாக வருகிற பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து இடம் மாற்றிக்கொள்கிறார்கள், மூன்றாவது பிள்ளை வேறொரு வீட்டில் கண் திறக்க வேண்டும் என்று குறி சொல்பவர் சொல்லியிருந்தார். பிள்ளை முதல் மழையோடு வரும் என்பது கணக்கு. மழை வந்த பிறகு மண் சுவர் நிற்காது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆகவே அம்பு விழ வேண்டும், உடனே விழ வேண்டும், வீடு எழ வேண்டும், பிள்ளை அதற்குள் பிறக்க வேண்டும். கூமாவுக்கு உலகத்தில் வேறு வேலை எதுவும் மிச்சமில்லை.

தவேமா அம்பை வாங்கினார். வழக்கத்தைவிட நீண்ட நேரம் உதட்டருகே வைத்திருந்தார். நாட்டா நாணை இழுத்து விட்டான். அம்பு போயிற்று, சோளத் தாள்கள் நின்ற வயலைக் கடந்து, ஓடையைக் கடந்து, இரண்டு குன்றுகளுக்கு நடுவே மாடுகள் மேயும் பொதுவெளிக்கு மேலே, ஆனைப்புளிய மரங்களின் உச்சியைவிடச் சற்று உயரத்தில் போய், நின்றது.

கீழே காத்திருந்த இளைஞர்கள் சற்று நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். யாரோ ஒருவர் கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார். அம்பு களைத்திருக்கும், கொஞ்சம் பொறுத்து விழும் என்று பேசிக்கொண்டார்கள். வெயில் சாயும்வரை அது விழவில்லை.

மறுநாள் மண்ணின் பூசாரியிடம் போனார்கள். அவர் வந்து, கைத்தடியை ஊன்றிப் பார்த்தார்.

"விழுந்தா வீடு. விழலைன்னா வீடு இல்லை. இதுல நான் சொல்ல என்ன இருக்கு?"

"இன்னொரு அம்பு விடலாமா ஐயா?" என்றான் நாட்டா.

"முதல் அம்பு இன்னும் வழியில இருக்கு. வழியில இருக்கிறவனை விட்டுட்டு இன்னொருத்தனை அனுப்புவியா? வந்து சேர்றவன் என்ன நினைப்பான்?"

"அப்போ நாங்க எங்க தூங்குறது?"

பூசாரி கைத்தடியை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தார். அடுப்புக் கற்கள் வாசலைத் தாண்டிய பிறகு தகப்பன் வீடு அவர்களைத் திரும்ப விழுங்காது. இன்னொருவர் வீட்டில் கூமா பிரசவித்தால் பிள்ளை அந்த வீட்டு முன்னோருக்குச் சொந்தமாகிவிடும். எந்த வீட்டிலும் பிறக்காத பிள்ளைக்கோ முன்னோரே இல்லை. அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட ஒருவருக்கும் உரிமையில்லை. எனவே கூமா அம்புக்கு நேர்கீழே நின்ற ஆனைப்புளிய மரத்தடியில் மூன்று கற்களையும் இறக்கி வைத்தாள். அடுப்புக்கு மேலே இலை இருந்தது, இலைக்கு மேலே அம்பு இருந்தது, சுவர் என்று ஒன்று இல்லை.

முதலில் ஊர் அவளோடு சேர்ந்து காத்திருந்தது. இளைஞர்கள் கல்லெறிந்தார்கள், வேறு அம்புகளை எய்து அதைத் தட்டப் பார்த்தார்கள், அவையெல்லாம் ஒழுங்காகத் தரையில் வந்து விழுந்தன. ஒரு புறா போய் அம்பின்மேல் உட்கார்ந்தபோது பாரம் தாங்காமல் இறங்கிவிடும் என்று பெண்கள் குலவையிட்டார்கள். புறா இறகு கோதிவிட்டுப் பறந்துபோயிற்று. பிறகு, எதுவும் நெடுநாள் நின்றால் அதன்மேல் ஏதாவது ஒன்றைத் தொங்கவிடுகிற மனித வழக்கப்படி, ஊர் அந்த அம்பைப் பயன்படுத்தத் தொடங்கியது. அம்பின் நிழல் கறையான் புற்றைத் தொட்டதும் பெண்கள் உலை வைத்தார்கள், நிழல் ஓடைக்கல்லைத் தொட்டதும் மாடுகளைத் திருப்பினார்கள், வழி கேட்ட வியாபாரிகளுக்கு அம்புக்கு வலப்பக்கம் திரும்புங்கள் என்று சொன்னார்கள், ஆடு திருடவில்லை என்று சத்தியம் செய்கிறவனை அம்புக்குக் கீழே நிறுத்திச் செய்யச் சொன்னார்கள், பிள்ளைகள் 'அம்பு' என்று ஒருவர் கத்தியதும் எல்லோரும் ஓடிய நிலையிலேயே அசையாமல் நிற்கிற ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள், கினிக்கோழிகள்கூட அந்த நிழலைச் சுற்றிக்கொண்டு நடக்கப் பழகின. கடைசியில் சந்தைக்கு வந்த சிலர் மரத்தடியிலேயே கடை விரித்தார்கள். கூமாவுக்கு யார் வந்தாலும் ஏதாவது கொடுத்தார்கள். ஒரு பிடி ஃபோனியோ தானியம், ஒரு கிண்ணம் ஷியா வெண்ணெய். அவள் அதை வாங்கிக்கொண்டு, அவர்கள் கண்களைப் பார்த்து, ஒன்றைப் புரிந்துகொண்டாள். அம்பு எவ்வளவு உதவியாக ஆகிறதோ, அவ்வளவுக்கு அது விழ வேண்டும் என்று நினைப்பவர்கள் குறைந்துகொண்டு வந்தார்கள்.

நாட்டா அதைப் புரிந்துகொள்ளவில்லை. அவன் சுவருக்கான மண்ணை முன்னதாகவே வெட்டிக் குவித்து வைத்திருந்தான். மண் இறுகிவிட்டால் அம்பு விழுகிற நாளில் வேலை தாமதமாகும் என்று பயந்து, தினமும் காலையில் ஓடையில் தோண்டிய ஊற்றிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து ஊற்றி, காலால் மிதித்து, அந்த மண்ணை ஈரமாகவே வைத்திருந்தான். நிற்க இடமில்லாத ஒரு வீட்டைத் தினமும் பிசைந்தான்.

"நாட்டா, உன் அம்பு அங்கேயே பெண் பார்த்துக் கட்டிக்கிட்டுதா?" என்றான் பக்கத்து வயல்காரன் குவாகு. "சீர் எப்போ வைக்கணும்னு சொல்லு, கோழி பிடிச்சுட்டு வரேன்."

"சிரிச்சுக்கோ."

"சிரிக்காம என்ன செய்ய? உன் அம்பு வந்த பிறகுதான் என் பெண்டாட்டி நேரத்துக்குச் சோறு போடுறா."

ஊற்றில் தண்ணீர் குறைந்தபோது பானை வனைகிற பியாபா வந்து சண்டை பிடித்தாள். "குடிக்கிற தண்ணியைக் கொண்டுபோய் மண்ணுக்கு ஊத்துறானே உன் புருஷன்! என் பிள்ளைங்க நாக்கை நனைக்கவா, உன் சேற்றை நனைக்கவா?" பியாபா கூமாவின் வயிற்றைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, "பிள்ளை இறங்கிட்டுது போல இருக்கே," என்றாள். பிறகு தான் கொண்டுவந்திருந்த குடத்தைச் சாய்த்துக் கூமாவின் பானையில் பாதித் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனாள்.

அன்றைக்குப் பிறகு நாட்டா தண்ணீர் சுமக்கவில்லை. மண் குவியல் வெளிறி, வெடித்து, கல்லாயிற்று. அவன் அதன்மேல் மல்லாந்து படுத்து அம்பைப் பார்த்தபடியே கிடந்தான். கூமா கஞ்சியைக் கொண்டுபோய் வாயில் ஊட்டினால் விழுங்கினான், ஊட்டாவிட்டால் கேட்கவில்லை. கிழக்கே, மலைக்குப் பின்னால், மேகம் கறுப்பு ஆட்டுக்கிடாயின் நிறத்தில் திரளத் தொடங்கியது.

மேகத்தைக் கண்ட காலையில் கூமா எழுந்து மாமனாரின் வீட்டுக்கு நடந்தாள். தவேமா வாசலுக்கு முன்னே, முன்னோர்களுக்காக எழுப்பியிருந்த மண் கூம்புகளுக்கு நடுவே உட்கார்ந்து, குதிருக்கான கூரைத் தொப்பியைப் புல்லால் பின்னிக்கொண்டிருந்தார். அது எந்தக் குதிருக்கானது என்று அவள் கேட்கவில்லை. கட்டப்படாத வீட்டின் குதிருக்கானது என்பது அதன் அளவைப் பார்த்தாலே தெரிந்தது.

"அப்பா, அம்புகிட்ட என்ன சொன்னீங்க?"

"கேக்கக் கூடாததைக் கேக்குறே."

"கேக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். வயித்துல இருக்கிறதுக்குத் தெரியாது. அது நேத்திலிருந்து கீழே முட்டுது."

தவேமா புல்லைக் கீழே வைத்தார். எழுந்துபோகப் போகிறவர்போல ஒரு கையை ஊன்றினார், எழவில்லை.

"நல்லதைத்தான் சொன்னேன் கூமா."

"நல்லதுதான் சொல்லியிருப்பீங்க. என்னன்னு சொல்லுங்க."

"'பிள்ளை சாகாத மண்ணாப் பார்த்து விழு'ன்னு சொன்னேன்."

கூமா திரும்பிப் பள்ளத்தாக்கைப் பார்த்தாள். வீடுகள் ஒன்றுக்கொன்று ஓர் அம்பு தூரத்தில், மேற்கைப் பார்த்து வாய் திறந்தபடி நின்றன. குவாகுவின் வீட்டு முதுகுப்புறம் ஒரு பானை கவிழ்ந்திருந்தது. பியாபாவின் வீட்டுக்குப் பின்னால் நான்கு இருந்தன. தன் பானைகளைத் தானே வனைந்தவள் அவள். ஓடைக்கரையில், வீடே இல்லாமல் பானை மட்டும் நின்ற இடங்கள் இருந்தன. பழைய வீடுகள் கரைந்து மேடானவை இருந்தன. பானைகளும் உடைந்து மண்ணாகி, அந்த மண்ணை வெட்டி வேறொருவர் வீடு கட்டி, அந்த வீட்டிலும் பிள்ளை பிறந்து, அந்த வீட்டின் முதுகுப்புறமும் பானை கவிழ்ந்து, இப்படியே மலையடிவாரம்வரை போயிற்று அந்த நிலம். கூமாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் வயிறு வலித்தது.

"அப்படி ஒரு மண்ணு எங்க இருக்கு அப்பா?"

"இருக்கும்னு நினைச்சேன். இவ்வளவு பெரிய நிலம். ஒரு வீடு அகலத்துக்குக் கூடவா இருக்காது?"

"பாவம், அது உங்க பேச்சைத் தட்டாம தேடிக்கிட்டே நிக்குது. திருப்பி வாங்குங்க."

"வாங்க முடிஞ்சா வாங்கியிருக்க மாட்டேனா? தினமும் மாடியில ஏறிக் கூப்பிடுறேன். செவிடன் மாதிரி நிக்குது. யாருக்காகக் கேட்டேனோ அவங்க வாயாலே வேண்டாம்னு சொல்லணும்."

"நான் சொல்லணும்."

"நீ சொல்லிடக் கூடாதேன்னுதான் இத்தனை நாள் வாயைத் திறக்கலை," என்றார் தவேமா.

அவள் வீட்டைச் சுற்றிக்கொண்டு முதுகுப்புறம் போனாள். போகும்போதே செய்தி அவளுக்கு முன்னால் ஓடிவிட்டது. இரண்டு பானைகளுக்கும் நடுவே அவள் கால் நீட்டி உட்கார்ந்தபோது ஊர் வந்து சூழ்ந்திருந்தது. நாட்டாவும் உடம்பெல்லாம் மண் தூளாக வந்து நின்றான்.

"வேண்டாம் கூமா," என்றான் அவன். "அங்க வேண்டாம். அதுக்குத்தானே நாம வெளியே வந்தோம்."

"நிழல் இல்லாம உலை எப்படி வைக்கிறதுடி?" என்று கூட்டத்தில் ஒருத்தி அழுகையாகக் கேட்டாள். அவளை யாரும் அதட்டவில்லை. எல்லோருக்கும் அந்தக் கேள்வி இருந்தது.

கூமா அவர்களைப் பார்க்கவில்லை. அண்ணாந்து, தூரத்தில் ஒரு முடியிழைபோலத் தெரிந்த அம்பைப் பார்த்து, கத்தாமல், அடுத்த வயலில் நிற்கிற ஆளிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"இங்க வா. பெரியவர் சொன்னது இந்த நாட்டுல இல்லை. நீ தேடினது போதும். இங்க ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தன் உட்கார்ந்தான், ஒருத்தி சிரிச்சா. அவ்வளவுதான் அவங்களுக்குத் தெரியும், யாரையும் இழுக்க மாட்டாங்க, கைகூட எட்டாது. இழுத்தா நான் பார்த்துக்கிறேன். எனக்கு நல்ல மண் வேண்டாம். இந்த மண்ணே போதும். வந்து விழு."

அம்பு வால் அசைத்தது. பிறகு, அதுவரை நின்ற நேரமெல்லாம் நடுவில் இல்லாததுபோல, எய்த வேகம் குறையாமல் திரும்பி வந்து, இரண்டு பானைகளுக்கும் நடுவே, அவளுடைய நீட்டிய கால்களுக்கு இடையே, இறகுவரை மண்ணில் புதைந்தது.

பூசாரி புதைந்த அம்பின் இறகைக் கைத்தடியால் தொட்டுப் பார்த்தார். தகப்பன் வீட்டுக்கும் மகன் வீட்டுக்கும் ஓர் அம்பு தூரம் இருக்க வேண்டும் என்பது, இரண்டு வீட்டு முன்னோர்களும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடாமல் இருப்பதற்காக. இங்கே இரண்டு வீடும் முதுகோடு முதுகு உரசும், புது வீட்டின் வாய் கிழக்கே திறக்கும். ஆனால் அம்பு விழுந்துவிட்டது. அது வந்த வழியையும் ஊரே பார்த்தது. "கட்டுங்க," என்றார் அவர், தமக்குப் பிடிக்காத ஒன்றைச் சாப்பிடுகிறவரைப்போல.

கட்டினார்கள். கல்லாகிப்போன மண்ணைக் களைக்கொட்டால் உடைத்து நனைத்து மிதித்தார்கள். பியாபா குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்தாள். பேசாத குவாகுவை அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தார்கள். ஒரு வரிசை மண் வைத்தால் அது காய்ந்து இறுகிய பிறகுதான் அடுத்த வரிசை வைக்க வேண்டும். மேகம் அதற்கு இடம் தரவில்லை. ஈரத்தின்மேல் ஈரத்தை வைத்தார்கள். சுவர் களைத்த மனிதனைப்போல மெல்லச் சாய்ந்து தவேமாவின் வீட்டு முதுகில் தன் முதுகை வைத்துக்கொண்டது, அப்படியே நின்றது. மாடி இல்லை, குதிர் இல்லை, தவேமா பின்னிய கூரைத் தொப்பியை வைக்க இடமில்லாமல் தரையில் கவிழ்த்து வைத்தார்கள். மார்பளவுச் சுவருக்கு மேலே மரக்கட்டைகளைப் போட்டு மண் கொட்டி மூடிய அன்று முதல் மழை விழுந்தது.

சாந்து பூசாத வீடு தோலில்லாத உடம்பு. அதற்குள் யாரையும் பிறக்க விடமாட்டேன் என்று கூமா சொன்னாள். மழை கரைக்காதபடி சாந்தை இறுக்கும் நெரே மரத்து நெற்றுகளை ஊறவைத்த சாற்றைச் சாணத்தோடும் மண்ணோடும் குழைத்து, மற்றப் பெண்கள் வெளிச்சுவரில் மழையோடு போட்டியிட, அவள் உள்ளே முழந்தாளிட்டுப் பூசினாள். பூசிக்கொண்டே விரல்களால் கோடு இழுத்தாள். தன் வயிற்றின் கோடுகள் இழுபட்டு அகன்றிருந்தபடியே சுவரிலும் அகலமாக இழுத்தாள். பின்சுவரில், பானைகள் இருந்த பக்கம், ஒரு கோடு இழுக்கையில் வலி அவளைப் பிடித்தது. கையை எடுக்காமல் அப்படியே சரிந்தாள். அவளுடைய நான்கு விரல்களின் கோடு சுவரின் நடுவிலிருந்து தரைவரை கோணலாக இறங்கி நின்றுவிட்டது. தெபோவின் பெரியம்மா தொட்டது அந்தக் கோட்டைத்தான்.

வெளியே நாட்டா கொட்டும் மழையில் சுவரைத் தோளால் தாங்கிக்கொண்டு நின்றான். உள்ளே பியாபா பிள்ளையை ஏந்தினாள். மண் வாடையும் ஈரமும் இருட்டுமாக இருந்த அந்த அறையில் அது முதலில் அழவில்லை. பியாபா அதைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள், மறுபடியும் தட்டினாள். பிறகு அழுதது. உயிரோடு இருக்கிறதா என்று கூமா கேட்கவில்லை. ஆணா பெண்ணா என்றும் கேட்கவில்லை. கையை நீட்டி வாங்கி, ஈரச் சுவர்ப் பக்கம் அதன் முகத்தைத் திருப்பினாள்.

"பார்த்துக்கோ," என்றாள். "இங்கதான் விழுந்திருக்கே. வேற இடம் இல்லை."

தெபோவின் வடிவம் இவ்விடத்தில் நிற்கிறது. பிள்ளை வளர்ந்ததா, அந்த மழைக்காலத்தை வீடு தாங்கியதா என்பவை அதில் இல்லை; கேட்டபோது அவர் அடுத்தவருக்குக் கள் ஊற்றினார். மலைக்கு மேற்கே சிலர், அம்பு கூமாவின் காலடியில் விழாமல் அவள் மேலேயே விழுந்ததாகவும், பிள்ளை மட்டும் பிழைத்ததாகவும் சொல்கிறார்கள். நாடோபாவில், நார் திரிக்கும் முதியவர் ஒருவர் சொன்ன வடிவத்தில் கூமா அம்பைக் கூப்பிடுவதே இல்லை. அம்பு தானாகவே மெல்ல நகர்ந்து, ஆற்றைக் கடந்து, மலையைக் கடந்து, பிள்ளை சாகாத மண்ணைக் கண்டுபிடித்து அங்கே விழுகிறது. நாட்டாவும் கூமாவும் அதன் பின்னாலேயே போய் வீடு கட்டி, நிறைந்த வயதுவரை பேரப்பிள்ளைகளோடு வாழ்கிறார்கள். இவ்வடிவத்தைத் தெபோவிடம் திரும்பச் சொன்னபோது அவர் கழுவிய பானையைக் கவிழ்த்துத் தண்ணீர் வடிய விட்டார்.

"அந்த ஊர்ல கதை சொல்றவங்க யாரும் இன்னும் பிள்ளையைப் புதைக்கலை போல," என்றார். "நல்லா இருக்கட்டும்."